பழைய காரில் நாம் எதை நேசிக்கிறோம்?

"அந்தக் காலத்துக் கார் இரும்பு, இந்தக் காலத்துக் கார் தகரம்" என்று சொல்பவர்கள் நமது ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். தேநீர்க் கடையிலும் கராஜிலும் இந்தப் பேச்சு எழும்போது கேட்டிருப்பவர்களும் மறுக்காமல் தலையாட்டுவார்கள். வெறும் ரசனை சம்பந்தப்பட்ட விடயமாயின் இதில் விவாதிக்க எதுவுமில்லை. ஆனால், பழைய காரை விரும்புபவர் அதைத் தனது ரசனையாக மட்டும் சொல்வதில்லை. அதில் ஒரு நேர்மை இருந்ததாகவும் புதிய காரில் அது இல்லாமற் போய்விட்டதாகவும் சொல்கிறார். அப்போது அது ஓர் ஒழுக்கவியற் கூற்றாகிவிடுகிறது. கூற்று உண்மைதானா என்று உரசிப் பார்க்கும் கடமையும் நமக்கு வந்துவிடுகிறது.

நமது நாட்டில் இந்த விருப்பத்தின் அடையாளமாக விளங்குவது மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சத்தை முதலில் எட்டியதும் இதுவே. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் இலங்கை வீதிகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையமொன்றை நடத்திவந்த சார்ள்ஸ் வெயார், இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து அதன் உதிரிப்பாகங்களை இங்கேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்ப முற்பட்டார். புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்குச் சீர் போன கதை இது.

இந்தக் காரின் நீண்ட ஆயுளுக்கு இரும்பின் கனம் மட்டும் காரணமல்ல. அதை விளங்கிக்கொள்ள முடியும் என்பதே பெரிய காரணம். பொனட்டைத் திறந்தால் எஞ்சின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பு 'டிக் டிக்' என்று அடிப்பது காதில் விழும். அந்தச் சத்தம் ஓயாமல் தொடர்ந்தால் பெற்றோல் தீர்ந்துவிட்டது, அல்லது எங்கோ காற்றுப் புகுகிறது. பற்றரி இறங்கிவிட்டால் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றலாம். நான்கைந்து ஸ்பெனர்களுடன் கிராமத்து மெக்கானிக் ஒருவர் அதன் நோயைக் கண்டுபிடித்துவிடுவார். தத்துவம் படித்து, பிறகு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்த அமெரிக்கர் மத்தியு குரோஃபோர்ட் 2009இல் எழுதிய நூலொன்றில், எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்க்கும் குச்சிகூட இல்லாத புதிய கார்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். தன் பொருளைத் தானே பார்த்தறியும் பொறுப்பு மனிதனிடமிருந்து மெல்லக் கழற்றி எடுக்கப்படுகிறது என்பதே அவரது கவலை.

அக்கவலை நியாயமானது. 2022இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் சில நாடுகளில், இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டது. சூடாக்கும் கம்பி ஏற்கனவே இருக்கைக்குள் இருந்தது. காசு கொடுத்துக் காரை வாங்கியவர் அதைப் பயன்படுத்த மீண்டும் காசு கட்ட வேண்டும்! எதிர்ப்புக் கிளம்பியதால் 2023இல் அதைக் கைவிட்டார்கள். 2015இல் அம்பலமான வோக்ஸ்வேகன் விவகாரம் இன்னும் பாரதூரமானது. ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் டீசல் வாகனங்களில் இருந்த மென்பொருள், புகைப் பரிசோதனை நடப்பதை அறிந்து அப்போது மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டியது. பழைய கார் புகை கக்கும். ஆனால் பரிசோதகரின் முன்னாலும் கக்கும். கார்பரேட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இத்துடன் நிறுத்திவிட்டால் தீர்ப்பு பழைய காருக்குச் சாதகமாகிவிடும். ஆனால் மறுதட்டிலும் பாரம் இருக்கிறது. 2009இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் ஒரு பரிசோதனை செய்தது. 1959ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் எயார் காரையும் 2009ஆம் ஆண்டின் செவ்ரோலே மலிபு காரையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். 'இரும்புக்' காரின் சாரதி இருக்கைப் பகுதி நசுங்கியது. மனிதர் இருந்திருந்தால் உயிர் போயிருக்கும். புதிய காரின் சாரதிக்குக் காலில் காயம் ஏற்பட்டிருக்கும், அவ்வளவுதான். புதிய காரின் முன்பகுதி மோதலின் வேகத்தைத் தான் வாங்கி மடியும்படியும், ஆள் இருக்கும் அறை மடியாதபடியும் அமைக்கப்பட்டிருக்கிறது. தகரம்போல் மடிகிறது என்று நாம் எதைக் குறை சொல்கிறோமோ அதுவே உயிரைக் காக்கிறது.

புகையின் கதையும் அதுபோன்றதே. நச்சு வாயுக்களை மாற்றும் ஊக்கி மாற்றி பழைய கார்களில் இல்லை. அவை குடித்து வளர்ந்த பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அந்த ஈயம் இலங்கையில் 2002இலும், கடைசி நாடாக அல்ஜீரியாவில் 2021இலும் கைவிடப்பட்டது. பழைய காரின் இன்பம் உரிமையாளருக்கு. அதன் புகையோ வீதியோரமாகப் பாடசாலைக்கு நடந்து வரும் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

எனது மாமனாரிடம் ஒரு மொரிஸ் மைனர் இருக்கிறது. பேரப்பிள்ளைகளை அதில் ஏற்றிக்கொண்டு பிரதான வீதியால் டவுனுக்குப் போவது அவருக்குப் பெருமை. பின் இருக்கையில் பட்டி கிடையாது. நான் தயங்கியபோது, "மருமகன், இதிலதான் உங்கட மாமியப் பிரசவத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு கீறல் இல்லாமத் திரும்பி வந்தம்" என்றார். "அண்டைக்கு ரோட்டில எத்தன பஸ் ஓடினது, மாமா? எந்த வேகத்தில ஓடினது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கார் பழையதாகவே இருக்க, வீதி மாறிவிட்டது. தன் உயிரைப் பற்றி முடிவெடுக்க அவருக்கு உரிமையுண்டு. பின்னால் இருக்கும் பிள்ளையின் உயிரைப் பற்றி அவ்வாறு முடிவெடுக்க அவருக்கோ எனக்கோ உரிமையில்லை. இப்போது கார் ஊருக்குள் ஓடுகிறது. டவுனுக்குப் பிள்ளைகள் பஸ்ஸில் போகிறார்கள்.

இதனால் பழைய கார்களையெல்லாம் உடைத்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஒரு புதிய காரைச் செய்து முடிப்பதற்குள்ளேயே பல தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிவிடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் நமது வாகனங்களை ஓடவைத்தவர்கள் பழுதுபார்க்கத் தெரிந்த மனிதர்களே.

ஆகவே, நாம் நேசிப்பது பழைமையையா, அல்லது பழைய பொருளில் இருந்த ஒரு குணத்தையா என்று பிரித்தறிய வேண்டும். திறந்து பார்க்கலாம், விளங்கிக்கொள்ளலாம், திருத்தலாம், முழுமையாகச் சொந்தம் கொண்டாடலாம் என்பவையே அந்தக் குணம். அது புகையோடும் ஆபத்தோடும் ஒட்டிப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, கார்த் தயாரிப்பாளர்கள் பழுதறியும் தகவல்களைச் சாதாரணக் கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். காற்றுப்பையும் ஊக்கி மாற்றியும் உள்ள காரையே அவர்கள் திறந்து காட்டச் சொன்னார்கள்.

இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னர், கார் வாங்கப் போகிறவர்கள் விலையையும் பெற்றோல் செலவையும் விசாரிக்கிறார்கள். இன்னும் இரண்டு கேள்விகளையும் அவர்கள் கேட்கலாம். இதன் உதிரிப்பாகங்கள் எத்தனை வருடங்களுக்குக் கிடைக்கும்? எங்கள் ஊர் மெக்கானிக் இதைத் திறந்து திருத்த முடியுமா? விற்பவர்கள் பதில் தேடத் தொடங்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.