இரண்டு கையெழுத்து

தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவருக்கு மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி தரும். பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். பாடம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் முடிவு சொல்வதும் கல்லூரியின் பொறுப்பு. ஆனால், பாடத்திட்டக் குழுவில் பல்கலைக்கழகம் நியமித்த ஒருவரும் உட்கார்ந்திருப்பார். வினாத்தாள் பல நேரம் வேறொரு கல்லூரி ஆசிரியரின் கையிலிருந்து வரும். நம் பிள்ளையின் செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போட அடுத்த ஊர்க்காரர் வருவார்.

1966-ல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் கல்லூரி 1978-ல் தன்னாட்சி பெற்றது. பிறகு சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் அந்த வழிக்கு வந்தது. ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரிக்கும் தாய்வீடு அதே பல்கலைக்கழகம்தான்.

சுயமாக நிற்கத் தெரிந்தவருக்குத்தான் பிறரோடு சேர்ந்து நடக்கவும் தெரியும். பிறர் திருத்த இடம் கொடுக்காத உரிமை, வெறும் பிடிவாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரில் வடம் பிடிப்பவர் ஒவ்வொருவரும் தன் பலத்தில்தான் இழுக்கிறார். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நிலைக்கு வராது.

தேர்வுக்காகக் கூடுகிற கல்லூரிகள் படிப்புக்காகவும் கூடலாமே! ஒரு கல்லூரியின் நூலகம், ஆய்வகம் பக்கத்துக் கல்லூரி மாணவருக்கும் திறக்கட்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அரைமணி நேரம்தான். முதல்வர்கள் மனசு வைக்க வேண்டும்.