யாருக்கு இல்லை என்று சொல்வது?

எல்லாருக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் பொதுப்பணத்துக்கு ஓர் அளவு உண்டு, நோய்க்கு அளவில்லை. அப்படியானால் பொதுக் காப்புறுதி, தன்னை நாடி வரும் நோயாளி ஒருவரைப் பார்த்து "உமக்கு இல்லை" என்று சொல்வது நீதியாகுமா? தாய்லாந்து தேசம் இக்கேள்வியை நேர்முகமாகவே சந்தித்தது.

2001க்கு முன்னர் அந்நாட்டில் அரச ஊழியருக்கு ஒரு திட்டம், கம்பனித் தொழிலாளருக்கு வேறொன்று, வறியோருக்கு ஓர் அட்டை என்று இருந்தன. இவை எதிலும் சேராமல் ஏறக்குறைய 1 கோடி 80 இலட்சம் பேர் விடுபட்டிருந்தனர். 2002இல் நிறைவேறிய சட்டம் வறியோரையும் இவர்களையும் ஒரே திட்டத்தில் சேர்த்தது. சந்தா இல்லை, வரிப்பணமே முதல். வைத்தியசாலைக்குப் போகும்போது 30 பாத் கொடுத்தாற் போதும்.

வெளிநோயாளர் சிகிச்சைக்கு, பதிவு செய்த தலைக்கு இவ்வளவு என்று வைத்தியசாலைக்கு முன்கூட்டியே பணம் கொடுபட்டது. விடுதியில் தங்குவோருக்கு நோயின் வகைப்படி கொடுத்தார்கள். அதுவும் ஒரு மொத்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். முதல் வருடம் எல்லாமாகத் தலைக்கு 1,202 பாத். செய்யும் வேலைக்கெல்லாம் தனித்தனிக் கூலி என்றால் வேண்டாத பரிசோதனைகள் பெருகும். தலைக்கு இவ்வளவு என்றாலோ வேண்டியதையும் குறைக்கும் சோதனை வரும்.

சிறுநீரகம் செயலிழந்தோருக்கான இரத்தச் சுத்திகரிப்பு 2002இல் சேர்க்கப்படவில்லை. ஒருவருக்கு வருடமொன்றுக்கு இலட்சக்கணக்கான பாத் செலவாகும். ஓர் இலட்சமே 83 பேரின் முழு வருடப் பங்கு! அத்தனை பேரின் பிரசவமும் பிள்ளைகளின் காய்ச்சலும் அதற்குள் அடங்கும். இந்தக் கணக்கைக் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

ஆயின் அதே காலத்தில் அரச ஊழியருக்கும் கம்பனித் தொழிலாளருக்கும் அவரவர் திட்டங்கள் இச்சிகிச்சைக்குப் பணம் கொடுத்து வந்தன. அரச ஊழியர் திட்டமும் வரிப்பணத்திலேயே ஓடியது. திறைசேரி ஒன்றுதான். கந்தோர் எழுதுவினைஞர் பிழைத்தார். அவருக்கு நெல் விளைவித்த கமக்காரர் காணியை விற்றார், விற்க ஒன்றுமில்லாதபோது செத்தார். பணம் போதாது என்ற நியாயம் இங்கே உடைந்துபோகிறது. பற்றாக்குறை எல்லாருக்கும் பொதுவாயின் பொறுக்கலாம். ஒருசாராருக்கு மட்டும் என்றால் அதைப் பற்றாக்குறை என்று எப்படிச் சொல்வது?

ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் பார்த்தபோதும், செலவுக்கேற்ற பயன் இல்லையென்றே விடை வந்தது. அப்படியிருந்தும் 2008 ஜனவரியில் அரசு இச்சிகிச்சையைச் சேர்த்துக்கொண்டது. எத்தனை வருட ஆயுள் கூடும் என்பதோடு நில்லாமல், ஒரு நோய் ஒரு குடும்பத்தையே ஓட்டாண்டியாக்க விடலாமா என்றும் யோசித்தார்கள். காப்புறுதி என்ற சொல்லின் பொருளே அதுதானே!

கூடவே ஒரு நிபந்தனை இருந்தது. வயிற்றறைக்குள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்யும் முறைதான் முதலில். இயந்திரத்தைத் தேடி வாரத்தில் இரண்டு மூன்று தரம் பட்டணம் போகத் தேவையில்லை என்பதால் கிராமத்தவருக்கு இது உதவியது. துப்புரவாகச் செய்ய வீட்டில் வசதியில்லாதவருக்கோ கிருமி தொற்றும் அபாயம். தமக்கேற்ற முறையைத் தெரிய நோயாளிக்கு உரிமை இல்லையா என்று கேட்டார்கள். உண்டு என்று 2022இல் விதி மாறியது. இயந்திரத்தை நாடுவோர் பெருகினர், செலவும் ஏறியது. அந்த மேலதிகப் பணத்தை யாருடைய பங்கிலிருந்து எடுப்பது என்று திட்டத்தை நடத்துவோர் மறுபடியும் கணக்கேட்டைத் திறக்க வேண்டியதாயிற்று.