குரலும் சாட்சியும்

 

மனிதரின் மொழிகளும் நிறங்களும் பலவாக இருப்பது தன் அத்தாட்சிகளில் ஒன்று என்று அல்லாஹு தஆலா சூரத்துர் ரூமில் அறிவிக்கின்றான். குரலும் அப்படியே ஆளுக்கு ஆள் வேறு. தொண்டை, வாய், மூக்கு இவற்றின் அமைப்பும் பேசும் பழக்கமும் சேர்ந்து இன்னார் என்று காட்டிவிடுகின்றன. பிறந்து சில நாளேயான குழந்தையும் தாயின் குரலைப் பிரித்தறிகிறது.

அஷ்அரீ குலத்தார் இரவில் குர்ஆன் ஓதும் குரலைக் கொண்டே, பகலில் கண்டிராத அவர்களுடைய தங்குமிடங்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிந்துகொண்டார்கள். ரமலான் இரவில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கைக் கேட்டால் மக்கள் சஹர் உண்ணலாம். கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கைக் கேட்டால் நிறுத்த வேண்டும். குரலைப் பிரித்தறிவதிலே நோன்பே அடங்கியிருந்தது!

ஆயினும், குரலை மட்டும் கேட்டுப் பார்வையற்றவர் கூறும் சாட்சியை ஷாபிஈ மத்ஹபு பொதுவாக ஏற்பதில்லை. ஒரு குரல் மற்றொன்றை ஒத்திருக்கக்கூடும் என்பதே காரணம். மாலிக்கி மத்ஹபு ஏற்கிறது. அறிந்துகொள்வது வேறு, பிறர் உரிமையைத் தீர்மானிப்பது வேறு என்று நம் இமாம்கள் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தார்கள், பாருங்கள்!

அந்த எச்சரிக்கை இன்று நம் கடைவாசலுக்கே வந்துவிட்டது. கூலாயில் இருந்துகொண்டு ஜொகூர் பாரு மொத்த வியாபாரியிடம் டெலிபோனில் சரக்குச் சொல்லுகிறோம். பிள்ளையின் குரல் கேட்டால் உடனே பணம் அனுப்புகிறோம். இக்காலத்திலோ, ஒருவர் பேசிய சிறு பதிவைக் கொண்டே அவர் குரலைக் கம்ப்யூட்டர் உண்டாக்கிவிடுகிறது. மோசக்காரர்கள் அதைக் கொண்டு அவசரம் என்று அழுகிறார்கள். நம் இரக்கமே நமக்கு வலையாகிறது.

செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத் கட்டளையிடுகிறது. ஆகவே அழைப்பைத் துண்டித்து, நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் நாமே அழைப்போம். அவசரப்படுத்துபவரிடம் பொறுமை காட்டுவோம். தவணைக் கடனைச் சூரத்துல் பகரா கூறுகிறபடி எழுதிச் சாட்சி வைப்போம். ஏமாந்துவிட்டாலோ, வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் அறிவிப்போம்.

சகோதரர்களே! விசாரிப்பது நட்பைச் சந்தேகிப்பதாகாது; நண்பரின் பெயரையும் நம் பொருளையும் காப்பதாகும். நம்மை ஒருவர் விசாரித்தால் நாமும் கோபிக்கலாகாது. மறுமையில் நாவே நமக்குச் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியை எவராலும் போலி செய்ய முடியாது. நம் குரலை உண்மைக்கே உரியதாக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.