மாட்டேனும் முடியாதும்

இருபது வருஷமாக வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். ஏவல் வினை நடத்துவது எனக்கு மிகச் சுலபம். நட, படி, எழுது. தமிழில் வினையின் வேரை அப்படியே, ஒரு விகுதியும் ஒட்டாமல் சொன்னால் போதும், கட்டளையாகிவிடும். ஆத்திசூடியைப் பாருங்கள், வரிக்கு வரி ஏவல். இதிலெல்லாம் யோசிக்க ஏதோ இருக்கிறது என்பதே என் தங்கை மகன் வளர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவனுக்கு இப்போது 11 வயது. ஐந்து வயதில் மதியிறுக்கம் என்று உறுதியானது. ஆனால் அந்தச் சொல் அவனை முழுதாகச் சொல்லவில்லை. "பல்லு விளக்கு" என்றால் கால் வலிக்கும். "சட்டையப் போடு" என்றால், "நான் இப்ப பூனை, பூனைக்குச் சட்டை கிடையாது" என்பான். அதற்கு மேலும் வற்புறுத்தினால் அலறல், கதவில் உதை. அவன் ஆசைப்பட்ட விஷயமே ஆனாலும், அதை யாராவது "செய்" என்று சொன்ன நிமிஷம் அவனால் செய்ய முடியாமல் போகும்.

இங்கிலாந்தில் நாட்டிங்காமில் இருந்த உளவியலாளர் எலிசபெத் நியூசன் 1980களிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தனியாகக் கவனித்தவர். அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை 2003இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. பிறர் சொல்வது காதில் விழுந்ததுமே, தன் கட்டுப்பாடு கையைவிட்டுப் போகிறது என்ற பதற்றம்தான் இந்த மறுப்புக்கு அடியில் இருக்கிறது என்கிறார்கள். அவர் வைத்த பெயரில் 'நோய்' என்ற வாடை இருப்பதால் பலருக்கு அது பிடிக்கவில்லை. நான் 'ஏவல் தவிர்ப்பு' என்று சொல்லிக்கொள்கிறேன். அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்மில் இது தனி நிலையாக இல்லை, உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. தனி நிலைதானா, மதியிறுக்கத்தின் ஒரு முகமா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். தங்கைக்கு அன்றாடம் காலை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்து வந்துவிடுகிறது.

மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளுக்குச் சிங்கப்பூரில் உதவியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2004இல் தொடங்கிய பாத்லைட் பள்ளி இருக்கிறது, ரெயின்போ சென்டர் இருக்கிறது, சின்ன வயதிலேயே பயிற்சி தரும் திட்டங்கள் இருக்கின்றன. 2003இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கு விலக்கு அளித்திருந்தது. 2019இலிருந்து அவர்களும் அதற்குள் வந்தார்கள். "எங்க பிள்ளையையும் கணக்கில சேத்துக்குங்க" என்ற பெற்றோரின் நெடுநாள் ஆசை அது. நியாயமான ஆசை. இருந்தாலும் சட்டத்தின் பெயரிலேயே நிற்கிற 'கட்டாயம்' என்ற சொல்லைப் பார்க்கும்போது இவன் முகம் ஞாபகம் வருகிறது.

சிக்கல் அங்கேதான். மற்றப் பிள்ளைகளுக்கு நிம்மதி தருகிற படக் கால அட்டவணை இவனுக்குச் சுவரில் ஒட்டிய பத்துக் கட்டளைகள். ஆலோசகர் ஒருவர் நட்சத்திர அட்டை கொடுத்தார். மூன்று நாள் ஒட்டினான், நாலாம் நாள் கிழித்துப் போட்டான். பிறகு யோசித்தால் புரிகிறது, இன்றைக்கு ஒட்டின நட்சத்திரம் நாளைக்கும் ஒன்று கேட்கிறதே! "கண்டிப்பு போதவில்லை" என்று ஆலோசகர் எழுதிவிட்டார். அதே கருத்தில்தான் நானும் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிரம்பு தொங்கிய வீட்டில் வளர்ந்தவள் நான்.

வகுப்பில் 'மாட்டேன்' மனத்தைச் சொல்லும், 'முடியாது' இயலாமையைச் சொல்லும் என்று பாடம் நடத்துவேன். பழி, தண்டனை, இரக்கம் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் போட்ட கோட்டை நம்பித்தான் நிற்கின்றன. ஆனால் பேச்சில் "முடியாது போ" என்கிறவர் எதைச் சொல்கிறார்? வாய்மொழி அந்தக் கோட்டை எப்போதோ அழித்துவிட்டது. வெளியே மாட்டேன் போலத் தெரிவது இவனுக்கு உள்ளே முடியாது. யாராலும் அதை நிரூபித்துக் காட்ட முடியாது. நிரூபணம் வரும்வரை நம்பாமல் இருக்கலாமா என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி.

தங்கை இப்போது ஏவுவதில்லை. "தோசை ஆறுது" என்று சும்மா சொல்லிவிட்டுப் போய்விடுவாள். "இது தந்திரம் இல்லையா?" என்று கேட்டேன். "தந்திரம்னா அவன் கண்டுபிடிச்சிருவான்க்கா. சாப்பிடாட்டியும் பரவால்லன்னு நான் நெசமாவே நெனச்சாதான் சாப்பிடுறான்" என்றாள். அப்படி நினைப்பதற்கு அவளுக்கு ரெண்டு வருஷம் ஆனதாம். எனக்கு இன்னும் வரவில்லை.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. எட்டு வயது இளையவள் கேட்கிறாள்: "எனக்கு மட்டும் ஏன் சொல்றீங்க? அவனுக்கு ஏன் சொல்றதில்ல?" ஆளுக்கொரு தேவை என்று நாங்கள் சொல்லும் பதில் சரிதான், ஆனால் தட்டுக் கழுவுவது அவள்தான். அந்தக் கோபத்தை நாங்கள் இன்னும் தீர்த்து வைக்கவில்லை.

போன தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிறு. தேக்கா ஈரச்சந்தையில் நண்டு பார்க்கணும் என்று ஒரு வாரமாக அவனே சொல்லிக்கொண்டிருந்தான். சிராங்கூன் ரோட்டில் கூட்டம் நெரித்தது. நான் பழக்க தோஷத்தில் "வா, சீக்கிரம் நட" என்றேன். அவ்வளவுதான். கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். போகிற வருகிறவர்கள் தாண்டிப் போனார்கள். ஒரு பாட்டி நின்று, "ரெண்டு போடு போட்டா எந்திரிப்பான்" என்றார். நானும் வாய் திறக்கப் போனேன். தங்கை என் கையைப் பிடித்தாள். "அக்கா, யோசன சொல்லாத. உக்காரு."

எந்த நிலையமும் அவளுக்குத் தராத உதவி இதுதான் போலிருக்கிறது. பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தேன். பாட்டி என்னையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். எதிரே பூக்கடைக்காரர் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார், அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம் இருக்கும். யாரும் எதுவும் சொல்லாமல் அவனாகவே எழுந்து முன்னால் நடந்தான்.

சந்தையில் அந்தக் கடைக்காரர் விற்று முடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். நண்டு ஒன்றுகூட இல்லை. காலி ஐஸ் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தவன் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தான்.

"அடுத்த வாரம் வரலாமான்னு யாரும் கேக்காதீங்க," என்றான்.