354 என்ற எண் எதைச் சொல்லும்?

மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரின் கொள்கையையும் கேட்டுக்கொண்டே செல்கிறாள் மணிமேகலை. கண்ணால் கண்டதே சான்று, அனுமானம் செல்லாது என்று பூதவாதி அவளிடம் அடித்துச் சொல்கிறான். அவன் கட்சியை ஏற்றால் இன்றைய தாவர வேதியியல் அப்படியே நின்றுவிடும். நல்லெண்ணெயில் செசமின் இருக்கிறது என்று எழுதும் ஆய்வாளர் எவரும் அதன் மூலக்கூறைக் கண்ணால் கண்டவர் அல்லர்.

செசமின் லிக்னன் என்னும் இனத்தைச் சேர்ந்தது. மரத்தை இறுக்கும் லிக்னினுக்கு உறவுக்காரப் பொருள்கள் இவை. 1936இல் ஹாவர்த் என்ற வேதியியலாளர் லிக்னன் என்ற பெயரை வைத்தார். கீழாநெல்லியின் ஃபில்லாந்தினும் லிக்னன்தான். இமயமலைச் செடியொன்றில் கிடைக்கும் போடோஃபில்லோடாக்சினும் லிக்னன்தான்.

இவற்றைத் தேட எல்சி-எம்எஸ் என்ற இரட்டைக் கருவி உதவுகிறது. செடியின் சாற்றை மெல்லிய குழாய் ஒன்றில் கரைப்பானோடு செலுத்தினால், ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நிமிடத்தில் வெளியேறும். உடனே அது மின்னேற்றம் பெற்று நிறைமானிக்குள் போகும். அங்கே முதலில் நிறை தெரியும். பிறகு உடைத்தால் துண்டுகளின் நிறையும் தெரியும். செசமின் சோடியத்தோடு ஒட்டிக்கொண்டு 377 என்று பதிவாகலாம். சோடியத்தின் 23ஐக் கழித்தால் 354. உடைந்த துண்டுகளில் 135 தென்படும். திரையில் வருவன எண்கள் மட்டுமே. அந்த எண்களிலிருந்து பொருளை ஊகிக்கிறோம்.

அந்த ஊகம் எப்போது அறிவாகிறது? காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமத்தைச் சொல்வதற்கு முன்பே இதைத்தான் கற்பிக்கிறார். காப்பியத்தின் 29ஆம் காதையில் பெரும்பகுதி அளவையியல். பௌத்தத் தருமமான சார்பின் தோற்றம் 30இல்தான் விரிகிறது. காப்பியத்தை இயற்றிய சாத்தனார் வைத்த இந்த வரிசை மிகவும் பொருள் பொதிந்தது. மெய்யைத் தேடுபவருக்குப் போலிக் காரணத்தை இனங்காணும் பயிற்சி முதலில் வேண்டும் என்பது அதில் தெளிவாகிறது.

அடிகள் சொல்லும் போலிகளில் ஒன்று அநைகாந்திகம். ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்று ஒருவர் வாதிடுகிறார். குடமும் அறியப்படுகிறது, ஆகாயமும் அறியப்படுகிறது. ஒன்று நிலையற்றது, மற்றொன்று நிலையானது. இரண்டு பக்கமும் பொருந்தும் காரணம் எதையும் நிறுவாது. நிறை 354, ஆகவே செசமின் என்பதும் இதே பிழைதான். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது செசமினில் ஒரு பகுதி எபிசெசமினாக மாறுகிறது. அதே 20 கார்பன், 18 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். அணுக்கள் முப்பரிமாண வெளியில் அமைந்த விதம் மட்டுமே வேறு. நிறையும் ஒன்று, துண்டுகளும் ஏறக்குறைய ஒன்று. குழாயிலிருந்து வெளியேறும் நேரத்தில்தான் வேறுபாடு தெரியும். கண்ணாடிப் பிம்பங்களாக அமைந்த இரு வடிவங்களைச் சாதாரணக் குழாய் அந்த அளவுக்குக்கூடப் பிரித்துக் காட்டாது.

இதை நுணுக்க வாதம் என்று தள்ள முடியாது. போடோஃபில்லோடாக்சினிலிருந்துதான் எடோபொசைடு என்ற புற்றுநோய் மருந்து பிறந்தது. ஆனால் காரம் பட்டாலே போடோஃபில்லோடாக்சின் பிக்ரோபோடோஃபில்லினாக மாறிவிடும். நிறை மாறாது, செல் பிரிவைத் தடுக்கும் ஆற்றல் போய்விடும்.

புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்க, இரண்டையும் சேர்ந்து கண்ட இடம் ஒன்று வேண்டும். அடிகள் அதற்கு அடுக்களையைக் காட்டுகிறார். திட்டாந்தம் என்பது அதுதான். ஆய்வுக்கூடத்தில் அந்த இடம் தூய ஒப்பீட்டு மாதிரிக்கு உரியது. அதே கருவியில், அதே நிலைமையில் மாதிரியையும் ஓட்டி, நேரமும் நிறையும் துண்டுகளும் ஒத்துவர வேண்டும். 2007இல் வெளியான வளர்சிதைப் பொருள் ஆய்வு நெறிகள் இப்படி உறுதியானதையே முதல் நிலையில் வைத்தன. தரவுத்தளத்தோடு மட்டும் ஒத்துப்போவதை, தற்காலிகமாகப் பெயரிட்டது என்று இரண்டாம் நிலைக்கு இறக்கின.

இரண்டாம் நிலை முடிவை அப்படியே சொல்வது நேர்மை. அதை முதல் நிலைபோல் எழுதுவது போலி. கீழாநெல்லியில் புதிய லிக்னன்கள் கண்டறியப்பட்டன என்று அடுத்த முறை படிக்கும்போது, தூய மாதிரியோடு ஒப்பிட்டார்களா என்று தேடிப் பாருங்கள்.