மறைந்த ஊரும் மறைக்கப்பட்ட உழைப்பும்

அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்திலே, பெரிய உப்பு ஏரிக்கு வடமேற்கே, டெர்ரஸ் என்றோர் ஊர் இருந்தது, இன்று இல்லை. 1869-இல் சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனி தோற்றுவித்த ஊர் அது. எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை இருந்தது; நூலகம் இருந்தது; மலையிலிருந்து மரக்குழாய் வழியே பல மைல் கடந்து தண்ணீர் வந்தது. ஊரின் ஒரு பகுதியிலே சீனத் தொழிலாளர் வாழ்ந்தனர். 1904-இல் ஏரியின் ஊடே குறுக்குப்பாதை போடப்பட்டது. வண்டிகள் அவ்வழி சென்றன; ஊர் தேய்ந்தது, ஓய்ந்தது. 1942-இல், போருக்கு இரும்பு வேண்டுமென்று பழைய தண்டவாளங்களையும் பெயர்த்தெடுத்தனர்.

ஊர்கள் தோன்றும், மறையும். அதற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. நாம் கேட்பது வேறு. ஊர் மறைந்தது காலத்தின் வேலை; உழைத்தவன் மறைக்கப்பட்டது யாருடைய வேலை?

சியரா நெவாடா மலையைக் குடைந்து அந்தப் பாதையை அமைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர். பனிச்சரிவிலே புதையுண்டனர், வெடிமருந்துக்கு இரையாயினர். வெள்ளையருக்குக் கூலியும் கொடுத்து, சோறும் போட்டது கம்பெனி. சீனருக்கோ குறைந்த கூலி. சோறும் சொந்தச் செலவு! 1867 ஜூன் மாதம் ஆயிரக்கணக்கானோர் சமகூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கம்பெனி முதலாளிகளுள் ஒருவரான சார்லஸ் கிராக்கர் உணவுப் பொருள் வராமல் தடுத்தார். பட்டினி, போராட்டத்தை முறித்தது.

1869 ஏப்ரல் 28-இல், ஒரே நாளில் பத்து மைல் பாதை போடப்பட்டது. தண்டவாளம் தூக்கிய ஐரிஷ்காரர் எண்மரின் பெயர்கள் ஏட்டிலே ஏறின. உடன் உழைத்த சீனருக்கு அந்த வரிசையிலே இடமில்லை. கூலிக் கணக்கிலும் பெரும்பாலும் குழுத்தலைவன் பெயர்தான்; மற்றவர் வெறும் தலைக்கணக்கு!

"கூலி கொடுத்தாயிற்றே, பெயர் எதற்கு?" என்பர் சிலர். கூலி, அன்றைய உழைப்பின் விலை. செய்தவன் யார் என்பதோ உண்மை. உண்மையை எந்த விலைக்கும் எவரும் வாங்கிவிட முடியாது. அதை மறைப்பது, பெயரோடு நிற்கும் குற்றமுமன்று. "இதைக் கட்டியவன் நீயல்ல" என்று முதலில் சொல்வார்கள். "இங்கே உனக்கு இடமில்லை" என்று அடுத்துச் சொல்வார்கள். 1882-இல் சீனத் தொழிலாளர் நாட்டிற்குள் நுழையவே சட்டம் தடை போட்டது, குடியுரிமையும் மறுத்தது. 1943 வரை நீடித்தது அந்தத் தடை. 1969-இல், ரயில்பாதை நூற்றாண்டு விழா மேடையிலே அமைச்சர் அமெரிக்கரின் ஆற்றலை வானளாவப் புகழ்ந்தார். சீனரைப் பற்றி ஒரு சொல் இல்லை!

மனுவின் பெயரையே அறியாத மண்ணிலும் மனுவின் மனம் குடியேறிவிடுகிறது. உழைப்பை ஏற்கும், உழைத்தவனை ஒதுக்கும்.

ஆயினும் பொய் நிலைக்கவில்லை. 2014-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை அந்தச் சீனத் தொழிலாளரைத் தன் பெருமைக்குரியோர் வரிசையிலே சேர்த்தது. டெர்ரஸ் மண்ணைத் தோண்டும் ஆய்வாளர் கைகளிலே சீனத்துக் கிண்ணத் துண்டுகள் அகப்படுகின்றன. அவர்கள் எழுதிய கடிதம் ஒன்றுகூட இதுவரை அங்கே கிடைக்கவில்லை; உண்ட கிண்ணம் சாட்சி சொல்கிறது.

இளைஞர்களே! எந்தப் பாலத்தைக் கண்டாலும், எந்தப் பாதையில் நடந்தாலும், திறந்து வைத்தவர் பெயரைக் கல்லிலே படிப்பதோடு நின்றுவிடாதீர்கள். கல் சுமந்தவர் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கேளுங்கள்.