யாருக்குச் சொல்லலாம் அந்தப் பொய்?

போர்முனையில் காலை இழந்து மருத்துவமனையில் கிடக்கும் மகன், ‘இங்கு நான் நலம்’ என்று தாய்க்கு எழுதுகிறான். அதைப் பொய் என்று கடிந்துகொள்ள யாருக்கும் மனம் வராது. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்றார் வள்ளுவர். இந்த மகனை நினைத்தே அந்த விலக்கை வைத்தாரோ என்றுகூடத் தோன்றும். ஆனால் அவர் வைத்த நிபந்தனை கடுமையானது. விளையும் நன்மையில் குற்றம் இருக்கக் கூடாது. தாய்க்கு ஒரு வாரத் தூக்கத்தையும் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சாவையும் ஒரே கடிதம் கொண்டுவந்தால் அது அந்த விலக்குக்குள் அடங்காது.

கடிதத்தால் பக்கத்து வீட்டுப் பையன் எப்படிச் சாவான் என்று கேட்கலாம். கடிதம் என்பது ஒருவர் எழுதி இன்னொருவர் தனியே படிப்பது என்னும் எண்ணம், எல்லாரும் படிக்கத் தெரிந்த காலத்துக்கு உரியது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மலாயாவில், கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தபால் வந்தால் தோட்ட அலுவலகக் கிராணியோ தமிழ்ப்பள்ளி வாத்தியாரோ படித்துச் சொல்ல வேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே அது செய்தி. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களின் நிலை வேறு. அவர்கள் தாமே எழுதினார்கள், தாமே உறை பிரித்துப் படித்தார்கள். அங்கே ஒரு பொய் ஒரு வீட்டோடு நின்றுவிடலாம். தோட்டத்தில் அது வரிசை முழுக்கப் பரவும். அதை நம்பி ஆட்கள் மூட்டை கட்டுவார்கள்.

படிப்பவர் யார் என்பதைப் பொறுத்து வரும் இந்த வேறுபாட்டைப் போர்வீரர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையினர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ராணுவம் முறையாகத் தணிக்கை செய்யவில்லை. புழு வைத்த ரொட்டி, வயிற்றுக்கடுப்பு, மூளையில்லாத அதிகாரிகள் எல்லாம் அவற்றில் உண்டு. இருந்தும் தாய்க்கு எழுதும்போது ஒரு நடை, அண்ணன் தம்பிக்கு எழுதும்போது இன்னொரு நடை. தணிக்கை அதிகாரி இல்லாத இடத்தில் மகனே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டான்.

முதல் உலகப் போரில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அந்தச் சுதந்திரமும் இல்லை. அவர்கள் எழுதியதைப் படிப்பதற்கென்றே ஆங்கிலேயர் ஒரு தணிக்கை அலுவலகம் வைத்திருந்தார்கள். கடிதங்களின் பகுதிகளை மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது அதன் வேலை. அந்த அறிக்கைகள் மிஞ்சியதால்தான் பஞ்சாப், கார்வால் கிராமத்து ஆட்கள் என்ன நினைத்தார்கள் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. திருடன் எழுதி வைத்த கணக்கிலிருந்து வீட்டின் சொத்தைத் தெரிந்துகொள்வது போன்ற வரலாறு இது.

அந்தச் சிப்பாய்களில் சிலர் செய்த ஒரு காரியம் இந்த அறக்கேள்விக்கே விடை போல இருக்கிறது. கருப்பு மிளகு, சிவப்பு மிளகு என்று மளிகைக்கடைப் பேச்சுப் போல எழுதினார்கள். கருப்பு மிளகு இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகு வெள்ளைக்காரச் சிப்பாய். கருப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்றால் நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், ஊரில் எவனும் பட்டாளத்தில் சேர வேண்டாம் என்று பொருள். படிப்பறிவில்லாத தாய்க்கு அது மிளகுச் செய்தி. அடுத்து ஆள் எடுக்க வருபவனிடம் பெயர் கொடுக்கக் காத்திருந்த தம்பிக்கு அது எச்சரிக்கை. தெரிந்து ஒன்றும் செய்ய முடியாதவரை வருத்தாமலும், தெரிந்தால் தப்பிக்கக்கூடியவரை ஏமாற்றாமலும் ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். தணிக்கை அதிகாரிகளுக்கும் அது கொஞ்ச நாளில் புரிந்துபோனது என்பது வேறு கதை.

மீண்டும் மலாயாவுக்கு வருவோம். 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. தமிழ்நாட்டோடு இருந்த தபாலும் மணியார்டரும் நின்றன. பர்மாவிலிருந்த தங்கள் படைக்குச் சரக்கு அனுப்ப, தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் போட்டார்கள். 1943 அக்டோபரில் அது முடிந்தது. வேலைக்கு ஆள் வேண்டியிருந்தபோது முதலில் ஆசை காட்டினார்கள்: மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடும் மருத்துவமும் இலவசம். போதுமான ஆள் சேரவில்லை. பிறகு மிரட்டலும் வளைத்துப் பிடித்தலும் தொடங்கின. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையோர் தோட்டத்துத் தமிழர்கள்.

முதலில் போனவர்கள் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதில் எத்தனையோ உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் முகாம் முகாமாக ஆட்களை வாரிக்கொண்டு போகின்றன என்ற ஒரு வரி சிலாங்கூர்த் தோட்டங்களை எட்டியிருந்தால், குறைந்தது விரும்பிப் போனவர்களாவது காட்டுக்குள் ஓடி ஒளிந்திருப்பார்கள். அப்படி ஒரு வரி வருவதற்கு ஒழுங்கான வழியே இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் சிலரே. எழுதினாலும் கொண்டுபோகத் தபால் கிடையாது.

அதே பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்கு வீட்டுக்கு அனுப்ப அட்டை கொடுக்கப்பட்டது. ‘என் உடல்நலம் சிறப்பாக இருக்கிறது’, ‘நான் கூலிக்கு வேலை செய்கிறேன்’ என்ற வாசகங்களை முன்கூட்டியே அச்சிட்ட அட்டை. பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். எலும்பும் தோலுமானவன் தன் நலத்தை அச்செழுத்தில் அறிவித்தான். மகன் தாய்க்குச் சொல்லும் பொய்யோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே துன்பத்தைச் சுமப்பவனே அதை மறைக்கிறான். மறைக்கும் உரிமை அவனுடையது. இங்கே துன்பத்தைத் தந்தவன், அதைச் சுமப்பவனின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு தன்னை மறைத்துக்கொள்கிறான். சொல்லின் உண்மை பொய்யைப் பார்ப்பதற்கு முன், அது யாருடைய முடிவு என்று பார்க்க வேண்டும்.

இருந்தாலும் அந்த அட்டை ஒன்றைச் செய்தது. எழுதியவன் அன்றுவரை உயிரோடு இருந்தான் என்று வீட்டுக்குச் சொன்னது. தமிழ்த் தொழிலாளியின் மனைவிக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. போர்க்கைதிகளில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தார்கள். காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகள் இன்றும் பராமரிக்கப்படுகின்றன. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மதிப்பீடுதான், பெயர்ப்பட்டியல் இல்லை. கணவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் தாலியைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா, திதி கொடுப்பதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் நின்ற பெண்களுக்கு யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை. அந்தக் கொடுமைக்கு முன்னால் மகன் எழுதும் ‘நலம்’ ஒரு குற்றமே ஆகாது.

அதே தோட்டங்களிலிருந்து இன்னொரு பாதையும் பிரிந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். கோலாலம்பூரின் ஜானகி தேவர், பதின்ம வயதிலேயே அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். தோட்டத்து இளைஞர்கள் பலர் நாட்டுப்பற்றால் சேர்ந்தார்கள். சயாம் எனப்பட்ட தாய்லாந்துக்கு, ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்பிக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. அதைச் சொல்லச் சிலர் கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை; உயிர் பிழைக்க எடுத்த துப்பாக்கியும் துப்பாக்கிதான். நேதாஜியின் பெயர் கோலாலம்பூரின் இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஜானகிக்கு இந்திய அரசு 2000-ல் பத்மஸ்ரீ அளித்தது. சீருடை போட்டவனின் கதைக்கு மேடை கிடைத்தது. மண்வெட்டி பிடித்தவனின் கதையை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல்கள்தான் சுமக்க வேண்டியிருந்தது.

1945-ல் போர் முடிந்த பிறகு ரயில் பாதையிலிருந்து திரும்பி வந்தவர்கள், யாருக்கு எதை மறைக்கலாம் என்ற கேள்வியின் கடினமான முனையில் நின்றார்கள். எழுதாத கடிதங்களையெல்லாம் இப்போது வாயால் சொல்ல வேண்டும். ‘எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?’ என்று ஒருத்தி கேட்கிறாள். காலரா கொட்டகையில் உயிர் போகும் முன்பே அவனை விட்டுவிட்டு வர நேர்ந்தது என்றால் என்ன சொல்வது? ‘வேற கேம்ப்புல இருந்தாரும்மா’ என்பது இரக்கம் போலத் தெரியும். ஆனால் அவளுக்கு இனிச் செய்ய வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. கருமாதி இருக்கிறது, பிள்ளைகளின் எதிர்காலம் இருக்கிறது, மறுமணம்கூட இருக்கலாம். எப்படிச் செத்தான் என்பதை மறைக்கலாம். செத்தான் என்பதை மறைக்கக் கூடாது. கொட்டகையின் நாற்றத்தை அவளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பவர், உண்மையின் பெயரால் தன் பாரத்தை அவள் தலையில் இறக்குகிறார்.

போர் இல்லாத இன்றும் இந்தக் கடிதம் எழுதப்படுகிறது, கைப்பேசியில். பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் பாத்திரம் கழுவும் தஞ்சாவூர் இளைஞரும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக் கடையில் நாள் முழுக்க நிற்பவரும், வீடியோவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ‘நல்லா இருக்கேம்மா’ என்கிறார்கள். சொல்லட்டும். அதே உணவகத்துக்கு வர ஏஜெண்டிடம் கடன் பேசிக்கொண்டிருக்கும் மாமன் மகன் அழைத்தால் கதை வேறு. பேசிய சம்பளம் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு, ஓய்வு நாள் உண்டா, கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது என்று அவனுக்கு மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மானம் போனாலும் சொல்ல வேண்டும். ஒருவரின் கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவன் விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளட்டும்.